கோதுமையை நிறுத்தியும் வயிறு அடங்கவில்லையா?

என் மகளுக்குப் பதினேழு வயதில் செலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிற நோய். பேச்சுவழக்கில் 'கோதுமை அலர்ஜி' என்கிறோம். உண்மையில் இது அலர்ஜி இல்லை. குணமாக்கும் மாத்திரையும் கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் வைத்தியம்.

சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினோம். ரத்தம் ஏறியது, எடை கூடியது. ஒரு வருஷம் போனது. ஒரு புரட்டாசியில் சொல்லாமல் கொள்ளாமல் உப்புசமும் வயிற்றுப்போக்கும் திரும்பி வந்தன. வீட்டில் கோதுமை மாவு டப்பாவே இல்லாதபோது எப்படி?

ஏழு வருஷத்தில் இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. மூன்று முறையும் காரணம் வேறு வேறு. நம் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் குறைவு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தது. அதனால் இங்கே மளிகைக்கடைக்காரர், சமையல்காரர், சொந்தக்காரர் என எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் பட்டு அறிந்ததையும், மருத்துவரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேட்டு எழுதிவைத்ததையும் கீழே தருகிறேன்.

1. வயிறு மறுபடி மக்கர் செய்ய ஆரம்பித்ததும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சாப்பிட்டதை மட்டும் எழுதினால் பாதிதான் தெரியும். எங்கே சாப்பிட்டது, யார் சமைத்தது, என்ன மாத்திரை, எங்கே குடித்த தண்ணீர், மாதவிலக்கு நாளா, ராத்திரி தூக்கம் எப்படி, மலம் இறுகலா, தண்ணியா, எண்ணெய் மிதந்ததா எல்லாம் வேண்டும். என் மகளின் நோட்டில் ஒரு நாள்: "செவ்வாய். மதியம் ரசம் சாதம், அப்பளம். 4 மணி வயிறு மத்தளம். அப்பத்தா மோர் கொடுத்தாங்க. ராத்திரி நாலு தடவை." அந்த நாலு வரிக்குள்ளேயே விடை இருந்தது. எங்களுக்குத்தான் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரமாவது எழுதுங்கள். குளூட்டன் சில மணி நேரத்திலும் வேலையைக் காட்டும், மறுநாளும் காட்டும். கடைசியாகச் சாப்பிட்டதன் தலையில் பழியைப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பெரிய மருத்துவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1924-ல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு ரொட்டியை நிறுத்தி, வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்தின் மகிமை என்றே அவர் நினைத்தார். கோதுமைதான் குற்றவாளி என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் டிக்கே 1950-ல் தன் ஆய்வேட்டில் காட்டிய பிறகுதான் விஷயம் தெளிந்தது.

2. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளையும் செடியின் பால் பிசின்தான் பெருங்காயம். அது அப்படியே கடைக்கு வருவதில்லை. வீரியம் அதிகம் என்பதால் பசையும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டியிலும் உண்டு, தூளிலும் உண்டு.

எங்கள் வீட்டு முதல் குற்றவாளி இதுதான். சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, ஊறுகாயில், இட்லிப் பொடியில், தாளித்த மோரில் என்று நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இதற்கு மேல் ஒன்று. வயிறு உப்பினால் நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? மோரில் அரை ஸ்பூன் பெருங்காயத்தைக் கரைத்துத்தானே! என் மாமியார் பேத்தி மேல் இருந்த பாசத்தில் வேளாவேளைக்கு அதைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயிறு உப்ப உப்ப மோர், மோர் குடிக்கக் குடிக்க உப்புசம். டப்பாவில் மைதா என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானா தாயி உனக்கு வெசம் வச்சேன்?" என்றார். சமாதானம் செய்ய ரெண்டு நாள் ஆயிற்று.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். கிடைக்காத ஊரில் சீரகம், ஓமம், சுக்கு, பூண்டை வைத்துச் சமாளிக்கலாம்.

3. "ஒரு துளிதானே" என்பவருக்குச் சொல்ல ஒரு கணக்கு. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் பாழாவதை 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. அது ஒரு சப்பாத்தியை அறுபதாகப் பிய்த்ததில் ஒரு துணுக்கு. கொதிக்கவைத்தாலும் குக்கரில் பத்து விசில் விட்டாலும் குளூட்டன் போகாது. வெந்தால் சாக அது கிருமி இல்லை.

4. அடுத்தது மாவு மில். இரண்டாவது தடவை எங்களை ஏமாற்றியது நாங்களே அரைத்த கேழ்வரகு மாவு. நல்ல கேழ்வரகாகப் பார்த்து வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, பார்த்துப் பார்த்துக் கொண்டுபோன மாவு! நோட்டைப் புரட்டினால் கூழ், அடை, புட்டு சாப்பிட்ட நாளெல்லாம் வயிறு கெட்டிருந்தது. பிள்ளைக்குக் கேழ்வரகு சேரவில்லை என்று அதையும் நிறுத்தப் பார்த்தோம். அப்புறம்தான் ஒரு நாள் மில்லில் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா அஞ்சு கிலோ கோதுமை அரைத்தார். அதே மெஷினில் என் கேழ்வரகு விழுந்தது.

"அண்ணே, கோதுமை ஓட்டுனதுலயேவா போடுறீங்க?"

"மொதல்ல விழுற ஒரு கை மாவ ஒதுக்கிருவேன்க்கா, ஒண்ணும் கலக்காது."

ஒதுக்கினார். ஆனால் கொட்டுகிற துணிக்குழாயின் மடிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று கோதுமை மாவு படிந்திருந்தது. காற்றிலும் அதே. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மில் என்றால் அப்படித்தான்.

இப்போது சின்னதாக ஒரு மாவு மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கு முன்பு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொண்டேன். பெரிய அளவில் அரைக்க வேண்டுமானால் கோதுமையே அரைக்காத மெஷின் உள்ள மில்லைத் தேடுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப் பொடிக்கும் இதையே சொல்வேன்.

5. சல்லடை. கழுவினாலும் கண்ணியில் மாவு நிற்கும். தனியாக ஒன்று வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா, எண்ணெய் வடிகட்டி இவையும் நோயாளிக்குத் தனி. எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும், பயம் வேண்டாம்.

6. மற்றவர்கள் கோதுமை சாப்பிடும் வீடாக இருந்தால் சமையல் வரிசையை மாற்றுங்கள். முதலில் தோசை, கடைசியில் சப்பாத்தி. நெய், வெண்ணெய், ஜாம் பாட்டிலில் சப்பாத்தித் துணுக்கு ஒட்டிய ஸ்பூன் போகாமல் பார்த்துக்கொள்ள முடியாது, எவ்வளவு சொன்னாலும் போகும். தனிப் பாட்டில் வைத்துவிடுவதே மேல்.

7. பெயர்க் குழப்பங்கள் நிறைய. சீரகச் சம்பா அரிசி, சம்பா கோதுமை கோதுமை. வெறும் 'ரவை' என்றால் கோதுமை, 'அரிசி ரவை' என்றால் அரிசி. கவுனி அரிசி வெந்தால் பிசுபிசுவென ஒட்டும், அந்தப் பிசுக்குக்கும் குளூட்டனுக்கும் சம்பந்தமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

எங்களுக்கு முதன்முதலில் கிடைத்த மொழிபெயர்ப்புத் தாளில் 'கோதுமை, பார்லி, கம்பு தவிர்க்கவும்' என்று அச்சடித்திருந்தார்கள். ரை என்ற வெளிநாட்டுத் தானியத்தை யாரோ கம்பு என்று எழுதிவிட்டார்கள். அதை நம்பி ஆறு மாதம் கம்பங்கூழைத் தொடவில்லை. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. இந்தி பேசும் நண்பர் 'ராய்' என்றால் அவர் சொல்வது கடுகு. அதிலும் கிடையாது.

8. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். ராகி சேமியா பாக்கெட்டின் பின்பக்கத்தில் கோதுமை மாவோ மைதாவோ இருப்பது சகஜம். சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட்டும் அப்படியே. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழே தேடுங்கள். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தெருமுனைக் கடையில் உறையில் கட்டித் தரும் மாவுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

9. சத்துமாவு, மால்ட் பானம், ஓட்ஸ் மூன்றும் 'உடம்பு தேறட்டும்' என்று நோயாளிக்கு வாங்கித் தரப்படுபவை. சத்துமாவில் கோதுமையும் பல நேரம் பார்லியும் சேரும். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர் காய்ச்சும் வழக்கத்தையும் மறக்காதீர்கள். அதற்குப் பதில் இளநீரோ வெந்தயத் தண்ணீரோ கொடுங்கள்.

10. கல்யாண வீடு. சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. வடையும் அப்பளமும் பூரி பொரித்த எண்ணெயில் பொரிந்திருக்கும். எல்லோரும் ஆசையாக வைக்கும் அல்வா? திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிய பாலில் கிண்டுவது. முதலூர் மஸ்கோத் அல்வாவுக்கு மைதா. வெறும் சோறு, பருப்பு, நெய், தயிர், தேங்காய், வாழைப்பழம் என்றால் பயமில்லை, பருப்பில் பெருங்காயம் போட்டார்களா என்று கேட்டுக்கொண்டு. என் மகள் பையில் ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் பொரித்த அப்பளமும் எப்போதும் இருக்கும். பந்தியில் உட்கார்ந்து சோற்றை மட்டும் வாங்கிப் பிசைந்துகொள்வாள். முதல் ரெண்டு கல்யாணத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பக்கத்து இலைக்காரர் புளிக்காய்ச்சலில் பங்கு கேட்கிறார்.

11. ஹோட்டலில் 'மைதா இல்லை' என்று சொல்வதை மட்டும் நம்பி சிக்கன் 65, காலிஃபிளவர் வறுவல், சோயா சாஸ் விழுந்த ஃப்ரைட் ரைஸ் சாப்பிட வேண்டாம். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. இட்லி, இடியாப்பம், ஆப்பம் போன்றவை தேவலை, சட்னித் தாளிப்பைக் கேட்டுக்கொண்டு.

12. கோயிலில் கேசரி பிரசாதம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம். தேவாலயத்தில் தரும் அப்பமும் கோதுமையில் செய்வதுதான். முன்கூட்டியே குருவானவரிடம் பேசுங்கள்.

13. மாத்திரைகளில் சேர்க்கும் மாவுப்பொருள் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் எடுத்தது, எப்போதாவது கோதுமையில் எடுத்ததாகவும் இருக்கலாம். மருந்தாளுநரிடம் கேளுங்கள், பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சூரணம், லேகியம் வாங்கினால் பெருங்காயம் சேர்ந்ததா என்று பாருங்கள்.

14. இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் வயிறு அடங்கவில்லை என்றால் சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். செலியாக் உள்ளவருக்கு வரும் எல்லா வயிற்றுக் கோளாறும் குளூட்டனால் வருவதில்லை. இதை நான் புரிந்துகொள்ளவே அஞ்சு வருஷம் ஆயிற்று. அதுவரை அவள் வயிற்றைப் பிடித்தாலே, "எங்க போயி என்ன தின்ன?" என்றுதான் என் வாயில் முதலில் வரும். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

15. செலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். முந்தைய தாள்களைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு எண்ணால் பயனில்லை, இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் சேதி. இறங்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷமும் ஆகும். மறுபடி ஏறினால் எங்கோ கோதுமை நுழைகிறது. ஆனால் சரியாக வந்துவிட்டதாலேயே குடல் முழுக்க ஆறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குக் குடல் ஆற இரண்டு வருஷத்துக்கு மேலும் பிடிக்கலாம். ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமே உடம்பில் குறைவாக உள்ள சிலருக்கு இந்தப் பரிசோதனை பொய் சொல்லும். அவர்களுக்கு வேறு சோதனை உண்டு. இதோடு இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

16. பாலைச் சந்தேகியுங்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சுரப்பது குடலின் உள்பக்கத்து மெல்லிய விரல்களின் நுனியில். செலியாக்கில் முதலில் தேய்வது அந்த விரல்கள்தான். அதனால் குடல் ஆறும்வரை பால் குடித்தால் வாயு, உப்புசம், போக்கு வரலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நிறுத்தி வித்தியாசம் தெரியவில்லை என்றால் பாலைத் திரும்பச் சேருங்கள். எலும்புக்குக் கால்சியம் வேண்டும். காலைக் காபியை ஒரு ஆளிடமிருந்து காரணமில்லாமல் பிடுங்குவது பாவம்.

17. கோதுமையை விட்டதும் பலர் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி என்று இறங்கிவிடுகிறார்கள். நார்ச்சத்து குறைந்து மலம் கட்டும், மலம் கட்டினால் வயிறு உப்பும், உடனே குளூட்டன் என்று சந்தேகம். கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, சிறுதானியம் சேருங்கள். திடீரென்று மூன்று வேளையும் வரகும் குதிரைவாலியுமாக மாற்றினால் அதற்கும் வாயு பிடிக்கும். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே.

18. மூன்றாவது தடவை எங்கள் சமையலறை நிரபராதி. அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம். மூன்று வாரமாக நுரைத்தாற்போலப் போக்கு, நாற்றம், குமட்டல், நாலு கிலோ எடை போனது. விடுதிச் சமையல்காரம்மாவை நான் போனில் படுத்தாத பாடில்லை. டி.டி.ஜி. சரியாகவே இருந்தது. மலப் பரிசோதனையில் முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் விடாமல் மறுபடி எடுக்கச் சொன்னார். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி! அசுத்தத் தண்ணீரில் பரவி, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு, அச்சு அசல் செலியாக் மாதிரியே நடிக்கும். மருந்து கொடுத்தார், சரியாயிற்று. விடுதித் தண்ணீரா, வழியில் குடித்த கரும்புச் சாறா, கடைசிவரை தெரியவில்லை. மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது செலியாக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். விடுதி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

19. மாத்திரைப் பெட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகைக்குத் தரும் இரும்பு மாத்திரை மலத்தைக் கட்டும், கறுப்பாக்கும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாயில் சேர்க்கும் சார்பிடாலும் அப்படியே.

20. மருத்துவர் தேடக்கூடிய இன்னும் சில: சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுவது (ஊதவைத்துப் பரிசோதிப்பார்கள்), கணையம் போதிய நொதி சுரக்காதது (மலம் எண்ணெய்ப்பசையோடு மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டும்), நடுவயதுக்கு மேல் தண்ணீராகப் போகும் ஒரு வகைப் பெருங்குடல் அழற்சி. கடைசியாகச் சொன்னது கேமராவில் பார்த்தால் தெரியாது, சதைத் துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். மூன்றுக்கும் மருந்து உண்டு. சோதனை செய்யாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள்.

21. வெங்காயம், பூண்டு, பயறு ஒத்துக்கொள்ளாத எளிதில் கலங்கும் குடல், செலியாக்கோடு சேர்ந்தும் இருக்கும். உணவு ஆலோசகர் துணையோடு சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். நீங்களாகவே கோதுமை, பால், பயறு, வெங்காயம், கத்தரிக்காய், முட்டை என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் கஞ்சியும் உப்பும்தான் மிஞ்சும். இப்படி எலும்பும் தோலுமாக ஆன ஒருவரை மருத்துவமனை வரிசையில் பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் தேறியது என்று தெரியாது.

22. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு, விடாத வாந்தி, காய்ச்சல், காலில் நீர், தேறிய ரத்தசோகை திரும்புவது. அன்றைக்கே கிளம்புங்கள். ஒரு வருஷம் கண்டிப்பாகப் பத்தியம் இருந்தும், மற்ற காரணம் எதுவும் இல்லாமலும் குடல் ஆறாத ஒரு வகை உண்டு. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வரும், அபூர்வம். அதற்கென்று தனி சிகிச்சை இருக்கிறது, அதை முடிவு செய்ய வேண்டியவர் குடல் நோய் நிபுணர்.

23. "இன்னும் இருக்கான்னு ஒரு பரோட்டா தின்னு பாத்துருவோம்" வேண்டாம். குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் காப்ஸ்யூலை நம்பியும் வேண்டாம்.

24. கூடப்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த உறவில் இந்த நோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் முடிவு தவறாகிவிடும். இது முக்கியம், அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

25. இந்த நோய் வீட்டில் யாருக்கும் இல்லாதவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாராவது சொந்த டப்பாவோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். "எங்க சாப்பாடு எறங்காதாக்கும்?" என்று கேட்காதீர்கள். "கொஞ்சூண்டு, எனக்காக" என்று இலையில் அல்வாவை வைக்காதீர்கள். கழுவிய தட்டு ஒன்றும் கொதித்து ஆறிய தண்ணீரும் கொடுங்கள், போதும்.